ஒரு மீட்டர் தர்பூசணி

பிப்ரவரி. தமுலா ஏரி இன்னும் கல்லாய்க் கிடக்கிறது.
சமையலறை மேசையில் விதைப் புத்தகம்,
அதன் மேல் கம்பு ரொட்டித் துகள்,
அதன் மேல் என் பென்சில்.

தானெல் வட்டமிட்டு வைத்திருக்கிறான்:
ஊதாக் காலிஃபிளவர், நீளக் கத்தரி,
இரண்டு வகைத் தர்பூசணி.
வட்டமிட்ட கையோடு ஞாயிற்றுக்கிழமை
கப்பலேறி ஹெல்சின்கி போய்விட்டான்.
இரண்டு வாரம் அங்கே கூரை போடுவான்,
இரண்டு நாள் இங்கே தூங்குவான்.

நான் வோருவில் இருக்கிறேன்.
ஆம்புலன்ஸ் அழைப்பு எடுக்கிற வேலை.
இரவெல்லாம் யாரோ என் காதில் மூச்சுத் திணறுகிறார்கள்.
விடிந்து வீடு திரும்பினால்
இன்னொரு குரல் என்னைக் கூப்பிடக் கூடாது,
அது காலிஃபிளவருடையதாக இருந்தாலும்.

அடித்தேன். எல்லா வட்டத்தின் மேலும் ஒரு கோடு.
பத்து நாள் திரும்பிப் பார்க்காவிட்டாலும்
முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாத செடி போதும்
எங்கள் வீட்டுக்கு.

முள்ளங்கி சரி. இருபத்தைந்து நாளில் சிவந்துவிடும்.
இம்ரேயின் பொறுமை மூன்று நாள்;
பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடுவான்,
அதையும் பொறுத்துக்கொள்ளும்.
உருளைக்கிழங்கைக் கேட்கவே வேண்டாம்.
பட்டாணிக்கு வேலிக் கம்பியைக் காட்டினால் போதும்,
மீதியை அதுவே ஏறிக்கொள்ளும்.
பீட்ரூட். பிறகு கேல்:
உறைபனி ஓர் அடி அடித்த பின்தான்
அதற்கு இனிப்பே வருகிறது,
எங்கள் ஊர்க்காரர்களைப் போல.
சதகுப்பையை விதைக்கவே வேண்டியதில்லை,
முன்பு குடியிருந்தவர்கள் சிந்தியது
நடைபாதைக் கல்லிடுக்கில்கூட முளைக்கிறது.
சுக்கினி ஒன்றே ஒன்று. பாக்கெட்டில் எட்டு விதை;
ஏழை நூலகத்து மெர்லேயிடம் தள்ளிவிட்டேன்.
பதிலுக்குச் செய்தித்தாளில் சுற்றி
ஐந்து பிளாக் கரண்ட் குச்சிகள் தந்தாள்:
"மண்ணில் குத்து. மறந்துவிடு."
கேரட்டைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினேன்.
இரவு கூப்பிட்டான்.
பின்னால் நாலு பேர் குறட்டை, ஏதோ குழாய்ச் சொட்டு.
"எல்லாம் நல்ல செடிகள், கைரே.
ஆனால் இதில் எதற்குமே
ஓர் ஆள் தேவையில்லையே."

அப்புறம் பேசவில்லை.
என் வேலையில் மௌனத்தையும்
நேரம் போட்டுக் குறித்து வைக்கிறோம்.
பதினோரு விநாடி.

அழிப்பானைத் தேடினேன். இங்கெல்லின் பையில் இருந்தது.

தெற்குச் சுவரை ஒட்டி ஒரு மீட்டர்.
வெள்ளிக்கிழமை வந்தவன் பூட்ஸ்கூடக் கழற்றாமல்
எஃகு நாடாவால் அளந்தான்; ஒரு மீட்டர் நாலு சென்டி.
ஏதோ வீட்டிலிருந்து பெயர்த்தெறிந்த ஜன்னல்கள் இரண்டை
கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தான்.
ஜூன் இரண்டாம் தேதி உறைபனி.
அன்றிரவு மட்டும் மூன்று அழைப்பு: "மூடினாயா?"
அவனுடைய குளிர்கோட்டைப் போட்டு மூடினேன்.
மறுநாள் நத்தைகள் கோட்டுப் பையில் இருந்தன.

மற்றவை தம் பாட்டுக்கு வளர்ந்தன.
சுக்கினி யாரும் பார்க்காத ஒரு வாரத்தில்
இம்ரேயின் கால் அளவு ஆகிவிட்டது.
நாங்கள் சாப்பிட்டதெல்லாம் அவைதான்,
ஜூலை முழுக்க, ஆகஸ்ட் முழுக்க,
நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல்.

செப்டம்பரில் தர்பூசணியை அறுத்தோம்.
ஒன்றுதான் காய்த்தது. என் முஷ்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
உள்ளே, இங்கெல்லின் அழிப்பான் நிறம்.
நாலு துண்டு.
"வெள்ளரிக்காய்" என்றாள் இங்கெல்.
இம்ரே விதையைத் துப்பி எண்ணினான்.
தானெல் சிவப்பைத் தின்றான், வெள்ளையைத் தின்றான்,
பச்சைத் தோலையும் கொஞ்சம் கடித்துப் பார்த்தான்.
இனிக்கிறது என்றான்.

ஞாயிறு, அவன் கப்பலேறிய பிறகு,
அடுத்த வருஷத் தாளை எடுத்து
முதல் வரியில் எழுதினேன்: சுவர், ஒரு மீட்டர், தானெல்.
கீழே யாரோ கோணல் எழுத்தில்
கேரட் என்று எழுதியிருந்தார்கள்.
அடித்தேன்.